பிள்ளையார் சுழியைத் தெரியாது என்ற கம்ப்யூட்டர்

எங்கள் லாட்ஜ் கம்ப்யூட்டரில் கருப்புத் திரையைத் திறந்தால், முதல் வரியிலேயே அது ஒரு குறை சொல்லும். "உ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்." அதாவது, உ என்று ஏதோ எழுதியிருக்கிறீர்கள், அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது என்று அர்த்தம். நான் சுவரில் மாட்டியிருக்கிற பிள்ளையார் படத்தைக் கையால் காட்டி, "இதோ இருக்காரு பாரு, உன் தலைக்கு மேலயே" என்பேன். அதற்கப்புறம் அதுவும் நானும் அவரவர் வேலையைப் பார்ப்போம். ஒரு சண்டையும் இல்லாமல் இப்படியே போய்க்கொண்டிருந்தது, முதலாளி கண்ணில் படுகிற வரைக்கும்.

நான் செங்கம் ரோட்டில் ஒரு சின்ன லாட்ஜில் வேலை பார்க்கிறேன். மேஜை மேல் மேனேஜர் என்று பலகை இருக்கிறது. மோட்டார் போடுவதும் நான்தான், பல்பு மாற்றுவதும் நான்தான், குரங்கு எடுத்துப் போன துணியைத் தேடிக் கொண்டுவருவதும் நான்தான். படிப்பு பத்தாவதோடு சரி. அதற்கப்புறம் தமிழ் டைப்ரைட்டிங் மட்டும் கற்றுக்கொண்டேன். வேறு எதுவும் வராது என்று வாத்தியாரே சொல்லிவிட்டார்.

அந்த மேஜைக்குப் பின்னால் என் நாற்காலி. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தால், எதிரே மலை முழுசாகத் தெரியும். நடுவில் ஒரு இளநீர் வண்டி, ரெண்டு ஆட்டோ, ஒரு மின்கம்பம். அதையெல்லாம் தாண்டி அண்ணாமலையார் உட்கார்ந்திருப்பார். காலையில் வந்து விபூதி பூசிக்கொண்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால், அதற்கப்புறம் யார் வந்து சுடுதண்ணி வரவில்லை என்று கத்தினாலும் எனக்குக் கோபம் வராது. ஊரிலிருந்து பணம் செலவழித்து வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே கிடைக்கிறது. அந்த நாற்காலி எனக்குக் கிடைத்த வரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் பழசு. திறந்தால் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் யோசிக்கும். புதுசு வாங்கலாமா என்று முதலாளியிடம் கேட்டால், "ஓடுது இல்ல? அப்புறம் இன்னா?" என்பார். என் மகள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவை லீவுக்கு வந்தவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ப்பா, இது கம்ப்யூட்டரே இல்ல, கல்லு" என்று சொல்லி, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். வேகம் ஜாஸ்தி ஆகிவிட்டது. ஆனால் சில வேலைக்கு ஒரு கருப்புத் திரையைத் திறந்து, வார்த்தையை எழுதி, என்ட்டர் தட்ட வேண்டும். பூசாரியிடம் பேர், நட்சத்திரம் சொல்லுவது போலத்தான். சரியாகச் சொன்னால் அர்ச்சனை நடக்கும்.

வம்பு அந்த வார்த்தைகளில்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வரவேற்பறையில் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு மாட்டிக்கொண்டது. "சிவ சிவ சிவ சிவ" என்று அந்த ஒரு இடத்திலேயே நின்றுகொண்டு விடாமல் பாடுகிறது. மாடியில் இருந்தவர்கள் முதலில் ஏதோ விசேஷ பூஜை என்று நினைத்து அறையிலிருந்தே கும்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருத்தராகக் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். நான் மகளுக்கு போன் போட்டேன்.

"கில்னு அடிப்பா, பக்கத்துல அந்தப் பாட்டோட நம்பரைப் போடு" என்றாள்.

"இன்னாது?"

"கில். கொல்லு. அதான் கமாண்ட்."

"சிவ சிவான்னு சொல்லிட்டு இருக்கிறதைக் கொல்லச் சொல்றியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"ஐயோ அப்பா, அது வெறும் வார்த்தை."

"வெறும் வார்த்தைன்னா நீயே வந்து சொல்லு."

கடைசியில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். சிவ சிவ நின்றது. லாட்ஜில் எல்லா ஃபேனும் நின்றது. கீழே வந்தவர்கள் மறுபடி மேலே போகவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். இந்த மிஷினில் ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் பெற்ற தகப்பன் ஒன்று உண்டாம். தகப்பன் முந்திப் போய்விட்டால் பிள்ளைக்கு அநாதை என்று பெயர். செத்தும் போகாமல் கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு நடைப்பிணம் மாதிரி ஒரு பெயர். நான் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "இது கம்ப்யூட்டரா, சுடுகாடா?" என்று கேட்டேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டே, "அங்கதானே உங்க ஈசன் ஆடுறாரு. உங்களுக்கு இன்னா பயம்?" என்றாள்.

மகளுக்கு என் குணம் தெரியும். எங்கள் வீட்டில் யாரும் வெளியே கிளம்பும்போது போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூடாது. விளக்கை அணை என்று சொல்லக்கூடாது, மலையேற்று என்று சொல்ல வேண்டும். இதிலேயே வளர்ந்த பெண். "சரிப்பா, உனக்கு அலையாஸ் போட்டுத் தரேன்" என்றாள்.

அலையாஸ் என்றால் செல்லப் பெயர். சர்ட்டிபிகேட்டில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் பாப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள் அல்லவா, அதே மாதிரி. கில் என்பதற்கு அனுப்பிவை என்று செல்லப் பெயர் வைத்தாள். அனுப்பிவை என்று நான் எழுதினால் மிஷின் உள்ளுக்குள் கில் என்று புரிந்துகொள்ளும். பாவம் அதன் தலையோடு போகட்டும், என் வாயால் சொல்லவில்லை. திரையை மூடுவதற்கு எக்ஸிட் என்று ஒரு வார்த்தை உண்டு. அதற்கு போயிட்டுவரேன். கோப்பெல்லாம் என்னென்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு என்னயிருக்கு. எனக்குத் தமிழ் டைப்ரைட்டிங் தெரியும் என்பதால் விரல் தானாக ஓடும். அந்தத் திரையில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும், தலை சீவாத பிள்ளை மாதிரி. பரவாயில்லை, நம்ம பிள்ளைதான்.

அப்புறம் ஃபங்ஷன் என்று ஒன்று சொல்லிக் கொடுத்தாள். "யார் வீட்ல?" என்றாள் என் மனைவி. அதற்கு ரெண்டு பேரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஃபங்ஷன் என்பது பல வேலையைச் சேர்த்துக் கட்டி ஒரு பெயர் வைப்பது. வீட்டில் "விளக்கேத்து" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். அதற்குள் விளக்கைத் துடைப்பது, எண்ணெய் ஊற்றுவது, திரி திரிப்பது, ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் இருக்கிறது. யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதே மாதிரி நடைதிறப்பு என்று நான் எழுதினால், அன்றைக்கு எந்த அறையில் யார் என்று காட்டும், நாதஸ்வரம் போடும். சுடுதண்ணி என்று எழுதினால், எத்தனை மணிக்குத் தண்ணி வரும் என்று ஒரு தாள் அடித்துக் கொடுத்து, ஸ்பீக்கரில் மணியும் அடிக்கும். சாயங்காலம் சுபம் என்று எழுதினால், அன்றைய கோப்புகளையெல்லாம் பென்டிரைவில் நகல் எடுத்து வைத்து, "இன்றைய நாள் இனிதே முடிந்தது" என்று தேதி போட்டு ஒரு தாள் அடித்து, தானே திரையை மூடிக்கொண்டு போய்விடும்.

இந்தப் பெயரெல்லாம் ஒரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி உண்டு. புள்ளி வைத்தால் கோப்பு கண்ணுக்குத் தெரியாதாம். ஊரில் பொட்டு வைத்தால் நாலு பேர் கண்ணில் படும். இங்கே பொட்டு வைத்தால் மறைந்துவிடுகிறது. அதை எப்படித் திறப்பது, வரி எப்படிச் சேர்ப்பது என்று மகள் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். கண்ட்ரோல் பட்டனோடு எச் தட்டினால் பொட்டு வைத்ததெல்லாம் வெளியே வரும்.

முதல் தடவை அந்தக் கோப்பை நானாகத் திறந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே பிள்ளையார் சுழி இல்லை. இத்தனை எழுதியிருக்கிறாள், மேலே ஒரு உ போடத் தோன்றவில்லை. மளிகைச் சாமான் சீட்டிலேயே அவள் அம்மா உ போடுவாள். நான் முதல் வரியில் உ போட்டு, சேமித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் அந்தக் குறை ஆரம்பித்தது.

மகள் இதைக் கேள்விப்பட்டதும், "ப்பா, அந்த ஃபைல்ல நீ எழுதுற ஒவ்வொரு வரியையும் அது கட்டளைன்னு நினைச்சு செய்யப் பார்க்கும். உ-ன்னா அதுக்கு இன்னான்னு தெரியும்? எடுத்துடு" என்றாள். நான் எடுக்கவில்லை. வேலை எதுவும் நிற்கவில்லையே. தெரியாது என்று ஒரு வரி சொல்லிவிட்டு மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறது. தெரியாதவர்களைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

போன பௌர்ணமிக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, முதலாளி வந்தார். பௌர்ணமிக்கு எல்லா அறையும் நிறைந்துவிடும் என்பதால் அதற்கு முன்னால் ஒரு தடவை வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். அன்றைக்கு என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, நாட் ஃபவுண்ட்னு காட்டுது?"

"அது ஒண்ணும் இல்லீங்க மொதலாளி."

"போன தடவையும் காட்டுச்சே?"

"எப்பவும் காட்டுங்க."

இதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. "எப்பவுமே எரரா? இது எப்பய்யா புட்டுக்கப்போகுதோ. பௌர்ணமி அன்னிக்கு நின்னுச்சுன்னா அத்தனை பேரையும் வாசல்லயா நிறுத்துவ?" என்றார். அவர் சம்பந்தி வகையில் ஒருவர் புது கம்ப்யூட்டரும் பில் போடுகிற சாமானும் விற்கிறாராம். அதற்கென்று படித்த பெண் ஒருத்தியும் கூடவே வருவாளாம். "திங்கக்கிழமை வரேன். அப்பவும் எரர் காட்டுச்சுன்னா மாத்திடலாம். உனக்கு வேலை போவாதுய்யா, பயப்படாத. பின்னாடி ஜெனரேட்டர் ரூம்ல உக்காந்து மோட்டார், தண்ணி எல்லாம் பாத்துக்க."

ஜெனரேட்டர் ரூமில் ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கத்து ஓட்டலின் பின்சுவர் தெரியும். இந்த ஊரிலேயே மலை தெரியாத இடம் ஒன்றைத் தேடிக் கட்டியிருக்கிறார்கள் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். அன்றைக்கு முதலாளி போனதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தேன். இளநீர் வண்டிக்காரர், "இன்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

மகளுக்கு போன் போட்டேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே. அந்த வரியை எடுத்துடுப்பா."

"பிள்ளையாரை எடுத்துட்டு எனக்கு நாற்காலி வேணுமா?"

"சரி, எடுக்க வேணாம். அதுக்கு முன்னாடி ஹேஷ் போடு. நாலு கோடு, குறுக்கும் நெடுக்குமா. அது இருந்தா அந்த வரியை மிஷின் பாக்காது. எழுத்து அப்படியே இருக்கும்."

கீபோர்டில் அந்தக் குறியைப் பார்த்தேன். ஜன்னல் கம்பி மாதிரியே இருந்தது. "பிள்ளையாரைக் கம்பிக்குப் பின்னாடி நிறுத்துறதா?" என்றேன். பக்கத்திலிருந்த என் மனைவி, "கோயில்லயே கம்பிக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்காரு. போடுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை காலை, மனசில்லாமல் கம்பியைப் போட்டேன்.

திரை சத்தமில்லாமல் திறந்தது. ஒரு குறையும் இல்லை. அப்பாடா என்று நான் சாய்ந்து உட்கார்வதற்குள் மோட்டார் புகைந்தது. மேல்மாடியில் ஒருவர் உடம்பெல்லாம் சோப்போடு துண்டைக் கட்டிக்கொண்டு படியில் நின்று இந்தியில் திட்டினார். எனக்கு இந்தி தெரியாது, ஆனால் அவர் சொன்னது எல்லாமே புரிந்தது. குடத்தில் தண்ணி தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, நேராக வந்து கம்பியை எடுத்தேன். உடனே "உ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மோட்டாருக்குள் இருக்கிற காயில் சுருள் கெட்டு ரொம்ப நாளாகிறது, எப்போது வேண்டுமானாலும் புகையும் என்று மெக்கானிக் பின்னால் சொன்னார். இருக்கலாம். அன்றைக்கு ஏன் புகைந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். கம்பி போடக்கூடாது, உ-வை எடுக்கவும் கூடாது. ஆனால் குறை சொல்வதும் நிற்க வேண்டும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று தோன்றியது. நம்ம வழக்கப்படி ஆரம்பத்தில் உ போட்டால் கடைசியில் சுபம் என்று முடிக்க வேண்டும். நான் ஆரம்பத்தை மட்டும் போட்டுவிட்டு முடிவைப் போடவில்லை. பாதியில் நிற்கிற காரியம் எப்படி விளங்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, கோப்பின் கடைசி வரியில் சுபம் என்று அழகாக எழுதிச் சேமித்தேன். சாமி, இதோடு சரியாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு கருப்புத் திரையைத் திறந்தேன்.

திறந்தது. மின்னல் மாதிரி ஏதோ ஓடியது. மூடிக்கொண்டது. பிரின்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. "இன்றைய நாள் இனிதே முடிந்தது."

மறுபடி திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி இன்றைய நாள் இனிதே முடிந்தது. கதவைத் தட்டினால், திறந்து, முகத்தைப் பார்த்துவிட்டுச் சாத்துகிற மாதிரி இருந்தது. ஏதோ அவசரத்தில் செய்கிறது, நிதானமாகத் திறந்தால் நிற்கும் என்று நினைத்து, மெல்லத் திறந்து பார்த்தேன். வேகமாகத் திறந்து பார்த்தேன். மலையைக் கும்பிட்டுவிட்டுத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தேன். தாள் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மதியம் என் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தாள். தரையெல்லாம் தாள். ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"நான் இன்னும் சோறே போடல. அதுக்குள்ள நாள் முடிஞ்சிடுச்சா?"

"கிண்டல் பண்ணாத. நாளைக்கு மொதலாளி வராரு. முன்னாடியாவது எரரோட தொறந்துச்சு. இப்ப தொறக்கவே மாட்டேங்குது."

அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, அவளே மகளுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். கடைசி வரியில் சுபம் போட்டேன் என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. மூச்சு வாங்கி, தண்ணி குடித்து, மறுபடி சிரித்தாள்.

"அப்பா, சுபம்னா இன்னா செய்யணும்னு நாம அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்? நகல் எடு, தாள் அடி, மூடிட்டுப் போ. நீ கடைசி வரியில அதையே எழுதிட்ட. அது தெறந்ததும் மேலேருந்து கீழ வரைக்கும் படிக்குது. கடைசியில சுபம்னு வருது. சரிதான், நாள் முடிஞ்சுதுன்னு கெளம்பிடுது."

"நான் சுபம்னு மங்களமாத்தானே எழுதினேன்."

"அதுக்கு மங்களம் தெரியாதுப்பா. சொன்னதைச் செய்யத்தான் தெரியும்."

கண்ட்ரோலும் எச்சும் தட்டச் சொன்னாள். பொட்டு வைத்த கோப்பு வெளியே வந்தது. கருப்புத் திரை இல்லாமலே அதைத் திறந்து, கடைசி வரியை எடுத்தேன். பயந்துகொண்டே கருப்புத் திரையைத் திறந்தேன். திறந்தது, நின்றது. "உ: கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

"பழைய நிலைமைக்கு வந்துட்டோம்" என்றேன்.

"இனிமே உன் இஷ்டம்ப்பா. எடுக்கிறதுன்னா எடு. இல்லன்னா ஹேஷ் போடு."

"ரெண்டும் மாட்டேன்."

"அப்ப ஜெனரேட்டர் ரூமுக்குப் போ."

வாசலைப் பார்த்தேன். என் மனைவி எலுமிச்சை சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே எரிச்சலாகச் சொன்னாள். "அந்த மிஷின்ல ஆளாளுக்கு ஒரு வேலை குடுத்திருக்கீங்க. சுடுதண்ணிக்கு வேலை இருக்கு, சுபத்துக்கு வேலை இருக்கு. பிள்ளையாரை மட்டும் ஒரு வேலையும் சொல்லாம வாசல்ல நிக்க வெச்சிருக்கீங்க. யாருப்பா நீன்னுதான் கேக்கும். லாட்ஜ்ல சும்மா ஒருத்தர் வந்து நின்னா நீங்க கேக்க மாட்டீங்க?"

போனில் மகள், "ப்பா, பென்சில் இருக்கா?" என்றாள். அவளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது. "உ-வையே ஒரு ஃபங்ஷன் ஆக்கிடலாம். முதல் வரி உ-வுலதான் ஆரம்பிக்கும். நீ கேட்ட மாதிரியே. அதுக்குப் பக்கத்துல ரெண்டு அடைப்பு, அப்புறம் சுருட்டை அடைப்பு. உள்ளே அதுக்கு ஒரு வேலை."

"பிள்ளையாருக்கு நான் இன்னா வேலைம்மா குடுக்கிறது? தாள் அடிக்கச் சொல்றதா?"

"ஒரு வேலையும் வேணாம்ப்பா. மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி போடு. அதுக்கு அர்த்தம் ஒண்ணும் செய்யாத, சும்மா இரு. அப்படி ஒரு கமாண்டே இருக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சும்மா இருப்பதற்கென்று ஒரு கட்டளை. அதை எழுதி வைத்தவர்கள் எந்த நாட்டுக்காரர்களோ, எப்போதாவது செங்கம் ரோட்டுப் பக்கம் வந்து தங்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். இங்கே அறை எடுத்துத் தங்குகிறவர்கள் பாதிப் பேர் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். கற்றுக்கொண்டு போனவர்கள் கம்மி. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல முதல் வரியை எழுதினேன். அடைப்பு, சுருட்டை அடைப்பு, மேலே புள்ளி, கீழே புள்ளி, எல்லாவற்றுக்கும் முன்னால் உ. சேமித்தேன். கருப்புத் திரையைத் திறந்தேன்.

ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லுச்சா?" என்றாள் மகள்.

"இல்ல."

"கோப்புல இருக்காரா?" என்றாள் மனைவி.

"முதல் வரியில, முதல் ஆளா."

நான் திரையிலேயே உ என்று எழுதி என்ட்டர் தட்டிப் பார்த்தேன். அப்போதும் யார், என்ன என்று கேட்கவில்லை. அடுத்த வேலைக்குக் காத்துக்கொண்டு பேசாமல் நின்றது. எலுமிச்சை சாதம் அன்றைக்கு அப்படி ருசித்தது. மோட்டார் ரூமைப் போய் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டும் வந்தேன். புகையவில்லை.

திங்கட்கிழமை முதலாளி தனியாக வந்தார். பௌர்ணமிக்கு முந்தின நாள் என்பதால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்களாம், சம்பந்தி வகைக்காரர் வண்டியோடு அங்கேயே மாட்டிக்கொண்டார். முதலாளி வேர்க்க வேர்க்க நின்றுகொண்டு, "எங்க, தொற பாக்கலாம்" என்றார்.

திறந்தேன். எழுந்து தள்ளி நின்றேன். அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றி, அந்த எரர் வருவதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தார். வரவில்லை.

"எங்கய்யா அது?"

"சரி பண்ணியாச்சுங்க மொதலாளி."

"இன்னா பண்ண?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "பிள்ளையாருக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தோம்ங்க."

"இன்னா வேலை?"

"சும்மா இருக்கிற வேலைங்க."

அவர் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேனே" என்றார். அப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நின்றுகொண்டே திட்டிவிட்டுப் போகிறவர். உட்கார்ந்தவர் திரையைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். இளநீர் வண்டி அன்றைக்குப் பார்த்து அந்தப் பக்கம் தள்ளி நின்றிருந்தது. மலை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரிந்தது, மேலே ஒரு துண்டு மேகத்தோடு. முதலாளி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. போச்சு, எரர் காட்டியிருந்தால் கூட ஜெனரேட்டர் ரூமோடு போயிருக்கும், இப்போது இவரே இதில் உட்கார்ந்துவிடப் போகிறார் என்று நினைத்து, நான் உள்ளுக்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். சும்மா இருங்கள் என்று நேற்றுத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஆனாலும் வந்துவிட்டார். நாற்காலிக்கு நல்ல வயசு. முதலாளி சாய்ந்ததும் அது கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. அவர் அலறிக்கொண்டு எழுந்தார். எனக்கு அது எந்தப் பக்கம் தாழும், எப்போது தாழும் என்று பழக்கம், நான் அதற்கேற்ற மாதிரிதான் உட்காருவேன்.

"இன்னாய்யா இது, ஆளைக் கொல்ற நாற்காலி? இதுல எப்படித்தான் உக்காருறியோ" என்றார்.

"பழகிப்போச்சுங்க."

"நீயே உக்காரு. அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு வந்து விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?" சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். "யோவ், நம்ம வீட்ல ஒரு லேப்டாப் இருக்கு. கொஞ்ச நாளா அதுவும் சரியில்ல. அதுலயும் மேல ஒண்ணு போட்டுக் குடுக்கிறியா?"

"அது வேற மாதிரிங்க மொதலாளி. அதுல இந்தக் கருப்புத் திரை கிடையாதுங்களே."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப முன்னாடி குங்குமமாவது வெச்சுக் குடு" என்றார்.

பௌர்ணமி கழிந்ததும் கொண்டுவரச் சொன்னேன். அதற்குள் அறைக்கெல்லாம் ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் நாற்காலியில் என் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, நடைதிறப்பு என்று எழுதி என்ட்டர் தட்டினேன். நாதஸ்வரம் கிளம்பியது. இளநீர் வண்டி மறுபடி பழைய இடத்துக்கு வந்து மலையில் பாதியை மறைத்துக்கொண்டது.